இரண்டாவது வெடி

மார்ச் முடியப் போகிறது, வேலியோரத்தில் பனி இன்னும் அழுக்காகக் கிடக்கிறது, அதற்குள் சேஜ் எலிகள் கிளம்பிவிட்டன. பேருக்குத்தான் எலி. பார்த்தால் அணில் ஜாதி. குட்டை வால், பெரிய வயிறு. அரை வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் தூங்கிவிட்டுக் கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக எதிரில் தெரிகிற குதிரைமசால் குருத்தைக் கடிக்கும். ஒன்று கடித்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஹார்னி பள்ளத்தாக்கில் ஓர் ஏக்கருக்கு நூறு கடிக்கும்.

மார்லிஸ் டீக் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை ஒட்டித்தான் அவர்களுடைய வட்ட வயல். சக்கரம் வைத்த நீளக் குழாய் கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சும். வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பச்சை போய் மண் தெரிந்தது. திங்கட்கிழமை ஒரு தொழுவம் அகலம் இருந்தது. இன்று வியாழன், நாலு தொழுவம் இருக்கும். இப்படியே போனால் ஜூன் மாதம் அறுக்க ஒன்றும் இருக்காது. அறுக்காவிட்டால் இந்த நிலத்தில் அவர்களுக்கு இன்னொரு வருஷம் கிடையாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. போன வருஷம் இந்த நேரத்துக்கு அவள் பாத்திரத் துணியோடு வெளியே ஓடிப்போய் எலிகளை அவற்றின் ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டியிருப்பாள். இப்போது முட்டையைத் திருப்பிப் போட்டாள். ஒருபக்கம் கருகியிருந்தது. அதையே தட்டில் வைத்தாள்.

மேஜையில் அவள் புருஷன் ஆரின் உட்கார்ந்திருந்தான். அறுபத்தொரு வயது. முன்பு கதவு நிறைய வருகிற ஆள். ஆகஸ்டிலிருந்து அந்தக் கதவில் அவன் நுழைவதே தெரிவதில்லை.

"டவுனுக்குப் போகணும்," என்றான்.

நாலு நாளில் அவனாகப் பேசிய முதல் பேச்சு அது.

"எதுக்கு?"

"துப்பாக்கி ஒண்ணு வாங்கணும்."

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். துண்டில் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கை.

"எலிக்கா?"

"வேற எதுக்கு?" என்றான் ஆரின். கருகின முட்டையைக் கருகினது என்று தெரியாமலே தின்றான்.

வேறு எதற்கு என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாத விஷயம்.

போன ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். மசாலை அறுத்துப் போட்டுக் காயவைத்து, பதமாகக் காய்ந்த பிறகுதான் கட்டுக் கட்ட வேண்டும். தண்டில் ஈரம் நின்றால், கட்டுகளை அடுக்கின போருக்குள்ளே புழுங்கும். புழுங்கிச் சூடேறும். மூன்று வாரம் வெளியே சாதுவாக இருந்துவிட்டு ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆரினின் தம்பி நெல்ஸ் ஒரு கைப்பிடி மசாலை முறுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் பொறுப்போம்ணே, நனைஞ்சா நனையட்டும்," என்றான். ஆரின், "எனக்குத் தெரியும், கட்டு," என்றான். மேகம் வந்த வழியே போயிற்று, மழை பெய்யவில்லை. மூன்று வாரம் கழித்துப் போர் எரிந்தது. போருக்குப் பக்கத்துக் கொட்டகையில் டிராக்டர் நின்றது. அதை வெளியே எடுக்க நெல்ஸ் உள்ளே போனான். கூரை விழுந்தது. ஆரின் வயலின் அந்தக் கோடியில் குழாய்ச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவன் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நெல்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பது வருஷம் இவர்கள் மேஜையில்தான் சாப்பிட்டான். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் போட்டு வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். பதினொரு பாத்திரம். எல்லாம் ஒரே கறி. மார்லிஸ் அதை அக்டோபர் வரை சூடு பண்ணிச் சூடு பண்ணிப் போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். ருசி எப்படி என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்த அக்டோபரில் ஒரு மத்தியானம் ஆரின் வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கி. மார்லிஸ் நடந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன பண்றே?"

"எலி பாக்கறேன்."

சேஜ் எலி ஜூலை முடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடும். அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் தரைமேல் ஒரு எலி கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். மார்லிஸ் "சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்துப் பண்ணை டெல்மர் ஸ்ட்ரூபுக்கு ஃபோன் போட்டாள். கால் மைல் தள்ளி வண்டிக்குள் இருக்கிற ஆரினுக்குக் கேட்டுவிடப்போகிறது என்பதுபோலக் குசுகுசுவென்று பேசினாள்.

டெல்மர் ஒரு மணி நேரத்தில் வந்தான். குதிரைக் கம்பளம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "ஆரின், புதுசா ஒரு இரும்புப் பெட்டி வாங்கியிருக்கேன்யா. எத்தனை கொள்ளும்னு பாக்கணும். உன்னோடதையும் கொஞ்ச நாளைக்குக் குடேன்," என்றான். டெல்மரிடமே பதினொரு துப்பாக்கி உண்டு. அதையே வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இதற்கு வழக்கம் அப்படி. ஒருத்தன் மனசு இருட்டிப்போனால் பக்கத்தில் இருக்கிறவன் ஏதாவது ஒரு பொய்யோடு வந்து துப்பாக்கிகளை எடுத்துப்போவான். கொடுக்கிறவன் பொய்யென்று தெரிந்தே கொடுப்பான். எப்போது திருப்பிக் கொண்டுவருவது என்று எடுத்தவன்தான் முடிவு பண்ண வேண்டும். கொடுத்தவன் கேட்கக் கூடாது. ஆரின் தன் ஏழு துப்பாக்கியையும் இரண்டிரண்டாகத் தானே தூக்கிவந்து கம்பளத்தில் வைத்தான். அப்பா வைத்திருந்தது இரண்டு, அதில் சேர்த்தி. யார் ஃபோன் பண்ணினார்கள் என்று கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பெட்டி இன்னும் ரொம்பலை மார்லிஸ்," என்பான். அவ்வளவுதான் பேச்சு.

டவுன் முப்பது மைல். மார்லிஸ்தான் ஓட்டினாள். பனி உருகின தண்ணீர் புல்வெளியில் தேங்கி, வெள்ளை வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருந்தன. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.

"விஷம் வெக்கலாம்ல?" என்றாள் பாதி வழியில்.

"எலியைத் தின்னுட்டுப் பருந்து சாகும்."

"பொறி?"

"எத்தனை பொறி வெப்பே?"

"வெளியூர்க்காரங்க வர்றாங்களே. போர்ட்லாண்ட்லேருந்து. காசு குடுத்தே சுட்டுட்டுப் போவாங்க."

"போன தடவை வந்தவன் நம்ம தண்ணிக் குழாயைச் சுட்டான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்றைக்கு நெல்ஸ் அந்த ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, "அண்ணே, இதோட நான் கெழவனாயிருவேன் போலிருக்கு, சீக்கிரம் வா!" என்று கத்தினது ஞாபகம் வந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டி வண்டி போனது.

ஹோமர் பிக்ஸ்பியின் கடையில் முள்கம்பி கிடைக்கும், மாட்டு உப்புக் கட்டி கிடைக்கும், கோழிக்குஞ்சு கிடைக்கும், பின்பக்கம் துப்பாக்கியும் கிடைக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிடைப்பது ஹோமரின் பேச்சு. ஆணி வாங்கப் போனவன் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஹோமர், ஆரின் உள்ளே வந்து துப்பாக்கிப் பக்கமாக நடந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். டெல்மரின் இரும்புப் பெட்டி பற்றி அந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை.

"வாய்யா ஆரின். வாம்மா மார்லிஸ். குஞ்சு வந்திருக்கு, பாக்கறீங்களா? நல்ல சிவப்பு ஜாதி."

"துப்பாக்கி பாக்கணும். எலிக்கு. நூத்தைம்பது கஜம் தூரம், சில சமயம் எரநூறு," என்றான் ஆரின்.

ஹோமர் ஆரினின் தோளுக்கு மேலாக மார்லிஸைப் பார்த்தான். அவள் தலையை லேசாக ஆட்டியிருந்தால் போதும். அது இல்லை, இது வரவில்லை, அடுத்த மாதம் வா என்று ஹோமர் ஒரு வருஷத்துக்கு இழுத்திருப்பான். அவள் தலை மேலும் கீழும் போகவில்லை, பக்கவாட்டிலும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹோமர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒன்றை எடுத்து விரிப்பின்மேல் வைத்தான்.

"இது இருபத்திரெண்டாம் நம்பர் குழல். தானா தோட்டா ஏத்திக்கும். பத்து வெடி, விரல் அசையற வேகத்துல போகும். உங்கிட்ட இருந்த பழசு மாதிரியேதான்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இருக்கிறது மாதிரியே."

ஆரின் அதைத் தொடவே இல்லை. "போல்ட் வெச்சது குடு."

போல்ட் என்பது துப்பாக்கியின் பின்பக்கம் கைப்பிடியோடு முன்னும் பின்னும் இழுபடுகிற இரும்புத் தண்டு. ஒவ்வொரு வெடிக்கும் அதைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். கொடிக்கம்பாக நட்டுத் துணி காயப்போடலாம்.

"எலிக்குப் போல்ட்டா? கை வலிக்கும்யா."

"வலிக்கட்டும்."

பக்கத்தில் ஒரு போர்ட்லாண்ட்காரன் நின்றிருந்தான். எலி சுட வந்தவன். தலையிலிருந்து கால் வரை இலையும் தழையும் அச்சடித்த உடுப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் மறைந்து நிற்க ஒரு மரம் கிடையாது; மொட்டை வயலில் அவன் நின்றால் நடந்துபோகிற புதர் மாதிரி தெரிவான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நான் சொல்றேன் கேளுங்க. அதோ, அந்தக் கனமான குழல் வெச்ச இருபத்திரெண்டு. பந்தயத்துல சுடறாங்களே, அது. நூறு கஜத்துல அஞ்சு தோட்டாவும் ஒரு காசுக்குள்ள விழும். எரநூறு கஜத்துக்கு எத்தனை அடி எறங்கும்னு எங்கிட்ட அட்டவணையே இருக்கு."

"காத்தை எதுல பாக்கறீங்க?" என்றான் ஆரின்.

"அதுக்கு ஒரு கருவி இருக்கு. சின்னக் காத்தாடி. கையில பிடிச்சா மணிக்கு எத்தனை மைல்னு காட்டும்."

"அது உங்க கையில அடிக்கிற காத்து. எலிகிட்ட அடிக்கிற காத்து?"

அவன் பையிலிருந்த காற்றாடியைத் தொட்டுப் பார்த்தான்.

"மசால் தலையைப் பாக்கணும். நுனி மட்டும் ஆடுச்சுன்னா ரெண்டு விரல் தள்ளி வெக்கணும். தண்டோட சாஞ்சா ஒரு முழங்கை. எலைக்கு அடிப்பக்கம் வெள்ளையாத் தெரிஞ்சா வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கணும்."

ஹோமர் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "எழுதிக்கோங்க சார், உங்க அட்டவணையில." ஆரினும் சிரிக்கப்போகிறான் என்று மார்லிஸ் நினைத்தாள். வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. 'ரெண்டு விரல் இடது, ஒரு முழங்கை வலது' என்று பக்கத்தில் படுத்துத் தூரக்கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறவன் நெல்ஸ். ஆரின் சுடுவான், நெல்ஸ் சொல்லுவான். முப்பது வருஷம் அப்படித்தான்.

ஹோமர் அந்தப் பந்தயத் துப்பாக்கியை எடுத்து வைத்தான். அவனுக்கும் பேச்சு திரும்பிவிட்டது. "அவர் சொல்றது தப்பில்ல ஆரின். இதுல மெதுவாப் போற தோட்டா ஒண்ணு இருக்கு. சத்தமே வராது. பக்கத்து வளையில இருக்கிற எலி தூங்கிட்டே இருக்கும். ஒண்ணைச் சுட்டா இன்னொண்ணு தலையைத் தூக்கிப் பாக்கும், அதையும் சுடலாம்."

ஆரின் அதை எடுத்தான். தோளில் வைத்துப் பார்க்கவில்லை. குறி பார்க்கவில்லை. போல்ட்டைப் பின்னால் இழுத்து, பக்கத்தில் இருந்த ஒரு கொக்கியை அழுத்தி, கழற்றப் பார்த்தான். சிக்கியது. மறுபடியும் அழுத்தி ஆட்டி இழுத்தான். வந்தது. மறுபடி போட்டான். மறுபடி கழற்றினான். மறுபடி சிக்கியது.

"குழலைத் துடைக்கறதுக்குப் பாக்கறியா? புதுசுல்ல, போகப் போக எளகும்," என்றான் ஹோமர்.

"வேற?"

"வேறன்னா பதினேழாம் நம்பர் இருக்கு." சாம்பல் நிறக் கட்டையில் நீளக் குழல் வைத்த ஒன்றை இறக்கினான். பார்க்க லட்சணமே இல்லை. "இதுவும் சின்ன ஜாதித் தோட்டாதான், விளிம்புல அடிச்சு வெடிக்கறதுதான். ஆனா குண்டு குன்னிமணி மாதிரி. எரநூறு கஜம் வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி போகும். மண்ணுல பட்டாத் தூளாயிரும், எகிறிப் போய் டெல்மர் மாட்டு மேல படாது. ரெண்டு குறை. காத்து ரொம்பத் தள்ளும். அப்பறம் சத்தம்."

"எவ்வளவு சத்தம்?"

"சாட்டையைச் சொடுக்குன மாதிரி இருக்கும். ஒரு வெடி போட்டா அந்தப் பக்கத்துல இருக்கிற அத்தனை எலியும் வளைக்குள்ள. மறுபடி தலை தூக்கப் பத்து நிமிஷம் ஆகும்."

"கால் மைலுக்குக் கேக்குமா?"

"அரை மைலே கேக்கும்."

"காத்து எதிர்த்து அடிச்சா? ஜன்னல் மூடியிருந்தா?"

"கேக்கும்யா. என்ன நீ, எலி சுடப்போறியா, கோயில் மணி வாங்கறியா?"

ஆரின் போல்ட்டைப் பிடித்தான். சுடும்போது விரல் வைக்கிற குதிரையை அழுத்திக்கொண்டு ஒரே இழுப்பு, கையோடு வந்துவிட்டது. உள்ளே போட்டான். இழுத்தான். உள்ளே போட்டான். இழுத்து, உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிப் பார்த்தான். பத்துத் தடவை இருக்கும். மார்லிஸுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சலிப்பாக இருந்தது. இந்த மனுஷன் சத்தம் என்றால் எரிந்து விழுவான். கதவைச் சாத்தினாலே கத்துவான். அவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாள். அதையும் வேறு யாருடைய புருஷனைப் பற்றியோ போல நினைத்தாள்.

ஹோமர் ஏதோ எடுக்கப் போகிற சாக்கில் அவளை உப்புக் கட்டி அடுக்கின இடத்துக்குக் கூப்பிட்டான்.

"மார்லிஸ், ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் தலைநகரத்துக்கு ஃபோன் போட்டு ஆளைப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் குடுக்கணும், சட்டம். லைன் கெடைக்கலைன்னு சொல்லிடறேன். எத்தனை மாசம் வேணும்னாலும் லைன் கெடைக்காது."

"எனக்குத் தெரியலை ஹோமர்."

"தெரியலைன்னா எப்படிம்மா? நீதானே கூடவே இருக்கே? தூங்கறானா?"

"படுத்திருக்கான்."

"சாப்பிடறானா?"

"வெச்சதைத் திங்கறான்."

"பேசறானா?"

"இன்னைக்குப் பேசினான்."

ஹோமர் மூக்கைத் தேய்த்தான். "உனக்குப் பயமா இல்லையா?"

இருக்கிறதா என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். குளிரில் கையுறை இல்லாமல் வேலை செய்தால் ஒரு கட்டத்தில் விரல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் இருந்தது. "பயப்படணும்னு தெரியுது," என்றாள். "வர மாட்டேங்குது."

ஹோமர் ஒரு உப்புக் கட்டியை நேராக நகர்த்தி வைத்தான். அவன் திரும்பிப் போனபோது ஆரின் சாம்பல் நிறத் துப்பாக்கியைத் தள்ளி வைத்து, "இதுதான்," என்றான். போர்ட்லாண்ட்காரன் தலையில் கைவைத்தான். ஹோமர் இன்னொரு தடவை மார்லிஸைப் பார்த்தான். அவள் கோழிக்குஞ்சுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபோன் போட்டான். லைன் உடனே கிடைத்தது.

திரும்பும்போதும் மார்லிஸ்தான் ஓட்டினாள். துப்பாக்கி பின்சீட்டில் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. பத்தாவது மைலில்தான் மார்லிஸுக்கு உறைத்தது, தான் ஒன்றுமே செய்யவில்லை என்று. ஒரு தலையாட்டல். அதைக்கூடச் செய்யவில்லை. வண்டியைத் திருப்பலாம். திருப்பவில்லை. டெல்மரின் பண்ணை வாசல் வந்தது. அங்கே நிறுத்தி, 'உன் பெட்டியில் இன்னொன்று கொள்ளுமா' என்று கேட்கலாம். அதுவும் தாண்டிப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஆரின் பெட்டியைச் சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தான். துப்பாக்கியை எடுத்தான். குதிரையை அழுத்திக்கொண்டு போல்ட்டை ஒரே இழுப்பில் உருவினான். துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்து விரித்து, அந்த இரும்பை உள்ளங்கையில் வைத்து மூடினான். சரியாக அவள் கைக்குள் அடங்கியது.

"இது உங்கிட்ட இருக்கட்டும்."

அவள் மூடின தன் கையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு டெல்மருக்கு ஃபோன் பண்ணது நீன்னு தெரியும். அவன் வண்டி அந்தப் பக்கம் வர வேற காரணம் கெடையாது."

"ஆரின்..."

"இரு. சொல்லி முடிச்சிடறேன், அப்பறம் எனக்குச் சொல்ல வராது. பழசையெல்லாம் அவனே வெச்சிருக்கட்டும். அதுல ஒண்ணைக்கூட இப்படிக் கழட்ட முடியாது. இதை முடியும். நான் உங்கிட்ட இதைக் கேக்க மாட்டேன். ஒருநாளும் கேக்க மாட்டேன். காலையில என் மூஞ்சியைப் பாரு. குடுக்கலாம்னு தோணுச்சுன்னா குடு. சாயங்காலம் நானே கொண்டாந்து குடுத்துருவேன். தோணலைன்னா வேண்டாம். வயல் போனாப் போகட்டும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். மார்லிஸ் போல்ட்டை மாவு டப்பாவுக்குள் வைத்தாள். பிறகு எடுத்துத் துடைத்து, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் முகத்தைப் பார்த்தாள். சாம்பல் மாதிரி இருந்தது. கொடுக்கவில்லை. அவன் கேட்கவில்லை. கிழக்கோரம் ஆறு தொழுவம் ஆயிற்று. சனிக்கிழமை அவன் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் டெல்மர், "பதினேழாம் நம்பர் வாங்கினீங்களாமே," என்றான். "ஆமா," என்றாள். அவன் இன்னும் ஏதோ கேட்கவந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். அவள் நடக்கும்போதெல்லாம் பையில் அந்த இரும்பு தொடையில் இடித்தது. நாளெல்லாம் இடித்தது. ஏழு மாதமாக அவள் உடம்பில் எதுவும் உறைத்ததில்லை; இது உறைத்தது.

திங்கட்கிழமை ஆரின் முட்டையை ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைப் பார்த்தான்.

"கருகியிருக்கே," என்றான்.

மார்லிஸ் திரும்பினாள். ஏழு மாதமாக அவனுக்குக் கருகின முட்டைதான் போட்டாள். இன்றைக்குத்தான் அவன் வாய்க்குத் தெரிந்திருக்கிறது. அவனையே பார்த்தாள். முகத்தில் தாடி இருந்தது, தூக்கமில்லாத கண் இருந்தது. அதற்குள் ஆரினும் இருந்தான். முழுசாக இல்லை. பையில் கையை விட்டாள். போல்ட்டை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில், முள்கரண்டி வைக்கிற இடத்தில் வைத்தாள். இப்போதுதான் பயம் வந்தது.

அவன் உடனே எடுக்கவில்லை.

"காத்து இருக்கு," என்றான்.

"நுனிதான் ஆடுது," என்றாள்.

முட்டையைக் கருகல் தள்ளித் தின்றான். எழுந்தான். துப்பாக்கியையும் போல்ட்டையும் தனித்தனிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். வண்டி கிழக்கோரம் போய் நின்றதை ஜன்னலில் பார்த்தாள். அவன் இறங்கியதும், மண்ணில் படுத்ததும் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள். கேட்க வேண்டியதற்கு இடைஞ்சல்.

முதல் வெடி கேட்டது. சாட்டை சொடுக்கினது போலவே இருந்தது.

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹோமர் சொன்னது காதில் வந்தது: ஒரு வெடிக்கு அப்புறம் எலிகள் தலை தூக்கப் பத்து நிமிஷம். ஆரின் எலி தெரியாமல் சுட மாட்டான். முப்பது வருஷத்தில் ஒரு தோட்டாவை வீணாக்கினவன் இல்லை. பத்து நிமிஷம் ஒன்றும் கேட்காது. எதனால் கேட்கவில்லை என்று தெரியாமல் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். நிற்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று—

இரண்டாவது வெடி கேட்டது.

போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் எந்த எலியும் தலை தூக்கியிருக்காது. மார்லிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஆரின் வந்து கை கழுவினான். காலை முழுக்க இரண்டிரண்டாகத்தான் கேட்டிருந்தது.

"முதல்ல தவறிப்போச்சா?" என்றாள்.

"இல்லையே. விழுந்திருச்சு."

"அப்ப ரெண்டாவது?"

"அது மண்ணுல போட்டது." துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "அதுங்க மறுபடி தலை தூக்கப் பத்து நிமிஷம் ஆகும். அது வரைக்கும் நீ இங்க எப்படி நிப்பே?"

சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து நீட்டினான். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. மார்லிஸ் அதை வாங்கிக்கொண்டு அழுதாள். நெல்ஸ் போன அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதாள். ஆரின் பக்கத்தில் நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் கருகாத முட்டையாக நாலு பொரித்தான்.

அந்த வருஷம் டீக் வயலில் ஒவ்வோர் எலிக்கும் இரண்டு தோட்டா செலவாயிற்று. ஆரின் இத்தனை பெட்டித் தோட்டா வாங்குகிறானே, வயசாகிக் குறி போய்விட்டது பாவம் என்று ஹோமர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். டெல்மரும் சொன்னான். ஆரின் இல்லையென்று சொல்லவில்லை. மார்லிஸும் சொல்லவில்லை.